மூக்காயி பாறையிடம் சொன்ன சொல்

அந்தக் காலத்தில், ஆடு ஒன்று பேசினால் மனுஷர் நின்று கேட்டுவிட்டுப் போன காலத்தில், மனுஷருக்கும் உயரத்துக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. தலைக்கு மேலே இருப்பதெல்லாம் பிறத்தியாருடையது என்று விட்டுவிட்டார்கள். வானம் கழுகுக்கு, மரம் குரங்குக்கு, செங்குத்துப் பாறை வரையாட்டுக்கு. தேங்காய் தானாக விழும்வரை மரத்தடியில் உட்கார்ந்து காத்திருப்பார்கள். விழுந்தால் துவையல், விழாவிட்டால் வெறுஞ்சோறு. அதில் அவர்களுக்கு ஒரு குறையும் இருக்கவில்லை.

ஆனால் ஒரு வழக்கத்தை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். கிளம்பும்போது யாரும் "போறேன்" என்று சொல்ல மாட்டார்கள். "போயிட்டு வாரேன்" என்றுதான் சொல்வார்கள். பக்கத்து வீட்டுக்கு உப்பு கேட்கப் போனாலும் அப்படித்தான், புதர் மறைவுக்கு ஒதுங்கப் போனாலும் அப்படித்தான். மாட்டிடம் சொல்வார்கள், கிணற்றிடம்கூடச் சொல்வார்கள். திரும்பி வருவேன் என்று சொல்லாமல் கிளம்புகிறவர் ஒருவர்தான், செத்தவர். அவரைத்தான் "போயிட்டார்" என்பார்கள். மற்ற ஜீவன்களுக்கு இந்தத் தொல்லையெல்லாம் இல்லை. காக்காய் வரும், தின்னும், பறந்துவிடும்.

நெடுவரை என்று ஒரு மலை இருந்தது. சாய்ந்து ஏறுகிற மலை இல்லை, சுவர் எழுப்பியது போல நேராக நிற்கிற ஒரே பாறை. அதன் பாதி உயரத்தில் ஒரு சுனை. சுனைத் தண்ணீர் பாறையின் முகத்தில் வழிந்து கீழே குட்டம் என்கிற ஒரு சின்னக் குளத்தில் விழும். அந்தக் குட்டத்தை நம்பித்தான் அடிவாரத்தில் முப்பது வீடுகள் இருந்தன.

அதில் ஒரு வீடு மூக்காயியுடையது. அவளுக்கு முன்னால் பிறந்த மூன்று பிள்ளைகளும் தங்கவில்லை. நாலாவதாக வந்தவளைக் குப்பையில் ஒரு புரட்டுப் புரட்டி எடுத்து, மூக்குக் குத்தி, மூக்காயி என்று பேர் வைத்து, சாவின் கண்ணில் படாமல் வளர்த்தார்கள். ஓடாதே, குதிக்காதே, வரப்பில் நடக்காதே. கல்யாணமாகிச் சடையன் வீட்டுக்கு வந்த பிறகும் அதே பாட்டுத்தான். சடையன் நல்லவன், கொஞ்சம் பயந்தாங்கொள்ளி. பரண் மேலிருக்கும் முறத்தை எடுக்க அவள் எம்பினால்கூட, "நீ இரு புள்ள, நான் எடுக்குறேன்" என்று வந்து கையைப் பிடித்துக்கொள்வான். இப்படியே இருபத்து மூன்று வயது ஆகிவிட்டது அவளுக்கு. இடுப்பில் ஒரு பால்குடிப் பெண்ணும் வந்தாயிற்று.

ஒரு கோடையில் சுனைத் தண்ணீர் நின்றுபோனது. குட்டம் சேறானது, பிறகு சேறும் வெடித்தது. ஊர்க்காரர்கள் அண்ணாந்து பார்த்தார்கள், பெருமூச்சு விட்டார்கள். அவர்களுக்குத் தெரிந்த வித்தை அவ்வளவுதான். அப்போது நெடுவரையில் மேய்கிற கிழட்டு வரையாடு ஒன்று கீழே இறங்கி வந்து விஷயத்தைச் சொன்னது.

"சுனை வத்தல. வாயில ஒரு கல்லு சிக்கியிருக்கு. தண்ணி பூராவும் அந்தப் பக்கமா ஓடுது. நான் முட்டிப் பாத்தேன், அசையல. விரலு உள்ளவங்க வந்து நோண்டி எடுக்கணும்."

விரல் இருக்கிறதே என்று குரங்கை அனுப்பினார்கள். குரங்கு மார்தட்டிக்கொண்டு ஏறிப் போனது. வழியில் ஒரு நாவல் மரம் பழுத்துக் கிடந்தது. அதோடு குரங்கின் கதை முடிந்தது, யாரும் அதைத் திரும்பப் பார்க்கவில்லை.

வருகிற அமாவாசைக்கு ஊரைக் காலி செய்வது என்று முடிவானது. அன்று மூக்காயி பிள்ளைக்குப் பால் கொடுக்க உட்கார்ந்தாள். பிள்ளை சப்பிப் பார்த்துவிட்டு அழுதது. தொண்டை நனையத் தண்ணீர் குடிக்காதவளுக்குப் பால் எங்கிருந்து வரும்? அமாவாசைக்கு இன்னும் எட்டு நாள் இருந்தது. அதற்குப் பிறகு எத்தனை நாள் நடந்தால் தண்ணீர் வரும் என்று யாருக்கும் தெரியாது. பிள்ளை அதுவரை தாங்காது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. பிள்ளையைத் தூக்கி நாத்தனார் மடியில் போட்டாள். சேலையை வரிந்து கட்டினாள்.

"எங்க கிளம்பிட்ட?" என்றான் சடையன்.

"கல்ல எடுக்க. போயிட்டு வாரேன்."

அவன் கையைப் பிடிக்க வந்தான். அவள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். கல்யாணமாகி முதல் தடவை அன்றைக்குத்தான் அப்படிச் செய்தாள்.

வரையாடு முன்னால் ஏறியது, அவள் பின்னால் ஏறினாள். ஆடு குளம்பு வைத்த இடத்தில் கை வைத்தாள், கை வைத்த இடத்தில் பிறகு கால் வைத்தாள். பத்து ஆள் உயரம் போனதும் பயத்தில் அழுகை வந்துவிட்டது. அழுதுகொண்டே ஏறினாள். மூக்கு ஒழுகியது, துடைக்கக் கை காலியாக இல்லை.

"ரெண்டு காலை வெச்சுக்கிட்டு இந்த வேலைக்கு வந்திருக்கியே ஆத்தா" என்றது ஆடு.

"பேசாம ஏறுங்கண்ணே" என்றாள் மூக்காயி.

உச்சிப்பொழுதுக்குச் சுனைக்குப் போய்ச் சேர்ந்தார்கள். அங்கே ஒரு பாய் விரிக்கிற அளவுக்கு இடம். சுனை வாயில் குழவி மாதிரி ஒரு கல் இறுகிக் கிடந்தது. அடியிலிருந்த சரளையை ஒவ்வொன்றாக நோண்டி எடுத்தாள். நகம் இரண்டு பிய்ந்தது. கடைசியில் தோளைக் கொடுத்து நெம்ப, கல் புரண்டு அந்தரத்தில் போனது. அது கீழே விழுந்த சத்தம் வர நெடுநேரம் ஆயிற்று. அதற்குள் தண்ணீர் அவள் முழங்காலைத் தாண்டிப் பாறையில் வழிய ஆரம்பித்துவிட்டது. அவள் குனிந்து வயிறு முட்டக் குடித்தாள்.

இத்தோடு முடிந்திருந்தால் கதையே இல்லை. இறங்கத் திரும்பினவள், பழக்க தோஷத்தில், பாறையை ஒரு தட்டுத் தட்டிச் சொன்னாள்:

"சரி, போயிட்டு வாரேன்."

அசை போட்டுக்கொண்டிருந்த ஆட்டின் வாய் நின்றது. "என்ன சொன்ன?"

"என்ன சொன்னேன்?"

ஆடு அவளையும் பாறையையும் மாறி மாறிப் பார்த்தது. அந்த நேரம் மூக்காயியின் உள்ளங்கால் இரண்டும் கூசின, கன்றுக்குட்டி நக்குவது போல. ஈரப் பாறை என்று நினைத்துக்கொண்டு இறங்கிவிட்டாள்.

குட்டம் நிறைந்தது. ஊரே அவளைத் தலையில் வைத்துக் கொண்டாடியது. பிள்ளைக்குப் பால் வந்தது. சடையன் மூன்று நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்தான், நாலாம் நாள் இறக்கினான். எல்லாம் பழையபடி ஆயிற்று, அவளுடைய உள்ளங்காலைத் தவிர.

சோறு பொங்கும்போது கூசும், களை எடுக்கும்போது கூசும். நிமிர்ந்து நெடுவரையைப் பார்த்துவிட்டால் நிற்கவே முடியாது. மஞ்சள் அரைத்துப் பூசினாள். வேப்பெண்ணெய் தடவினாள். சடையன் சுடு மணலில் அவள் காலை வைத்துத் தேய்த்துவிட்டான். ஒன்றுக்கும் கேட்கவில்லை. பதினைந்தாம் நாள் வரையாடு தண்ணீர் குடிக்கக் குட்டத்துக்கு வந்தபோது அவள் விஷயத்தைச் சொன்னாள்.

"கூசத்தான செய்யும்" என்றது ஆடு. "நீ வாக்குக் குடுத்திருக்க."

"நானா? யாருக்கு?"

"நெடுவரைக்கு. நானும் எங்க கூட்டமும் எத்தன காலமா அதுமேல மேயுறோம். ஒருத்தரும் அதுகிட்ட ஒரு வார்த்த சொன்னதில்ல. கழுகு உக்காரும், எழுந்திரிச்சுப் போயிரும். உலகம் உண்டான நாள்லருந்து அதுகிட்ட 'வாரேன்'னு சொன்ன மொத ஆளு நீதான். கல்லு கேட்டா மறக்காது. ஏன் வரலன்னு கேட்டுக்கிட்டே இருக்கு."

மூக்காயிக்கு இதைக் கேட்டதும் பாவமாக இருந்தது, பயமாகவும் இருந்தது. "இதுக்கு விமோசனம் கிடையாதாண்ணே?"

"ஏன் கிடையாது? மேல வந்து, 'போறேன்'னு ஒத்த வார்த்த சொல்லிரு. விட்டுரும்."

வீட்டில் போய்ச் சொன்னாள். சடையன் எழுந்து நின்றுவிட்டான். "அன்னைக்குத் தண்ணி இல்ல, போன. இப்பத்தான் குட்டம் ரொம்பிக் கெடக்கே. இனி எதுக்கு?"

"சொன்னத முடிக்கணும்ல."

"விழுந்தா? இந்தப் பிள்ளைக்கு யாரு? எதுக்கு புள்ள, எதுக்கு?"

அவளிடம் பதில் இல்லை. பதில் இல்லை என்பதற்காக அவள் நிற்கவும் இல்லை. கடைசியில் அவன்தான் இறங்கி வந்தான். "சரி, போ. அந்த ஒத்த வார்த்தயச் சொல்லி முடிச்சுட்டு வா. அதுக்கப்புறம் அந்தப் பக்கம் திரும்பக் கூடாது."

மறுநாள் விடிந்ததும் வரையாட்டின் பின்னால் ஏறினாள். பாறையில் கை வைத்ததுதான் தாமதம், உள்ளங்கால் கூச்சம் நின்றது. ஆனால் இந்தத் தடவை பாறை வேறு மாதிரி இருந்தது. அவள் திறந்துவிட்ட தண்ணீரே அவள் ஏறுகிற வழியெல்லாம் வழிந்து பாசி பிடிக்க வைத்திருந்தது. சுனைக்குக் கொஞ்சம் கீழே கால் வழுக்கிவிட்டது. உடம்பு முழுக்க அந்தரத்தில் போய், வலது கையின் நாலு விரலில் தொங்கினாள். கத்தினால் விரல் தளர்ந்துவிடும் என்று தோன்றியது, கத்தவில்லை. காலால் துழாவினாள். ஒரு வெடிப்பு கிடைத்தது, கட்டைவிரல் நுழைகிற அளவுக்கு. அதில் ஊன்றி எழுந்தாள். முழங்கை உரிந்து ரத்தம் வழிந்தது.

மேலே போய்க் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்தாள். மூச்சு இறங்கட்டும் என்று ஆடும் காத்திருந்தது.

"சொல்லு" என்றது பிறகு. "சொல்லிட்டு எறங்கு. கால் உன்னோடதாயிரும்."

மூக்காயி கீழே பார்த்தாள். அவள் வீட்டுக் கூரை முறம் அளவுக்குத் தெரிந்தது. பக்கத்தில் ஒரு புள்ளி, அது சடையன். அண்ணாந்து பார்த்தபடி நிற்கிறான் என்று தெரியும். அவன்மேல் அவளுக்கு நிறைய ஆசை. ஆனால் பிறந்த நாளிலிருந்து யாராவது ஒருத்தர் அவளைப் பிடித்துக்கொண்டே இருந்திருக்கிறார்கள், தான் இல்லாவிட்டால் இவள் விழுந்துவிடுவாள் என்று. சற்று முன் நாலு விரலில் தொங்கியபோது யாரும் பிடிக்கவில்லை. அவளே எழுந்து வந்தாள். அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. சோறும் தண்ணீரும் பிள்ளையும் கொடுக்கிற சந்தோஷம் இல்லை, இது வேறு. இதற்கு அவளிடம் பேர் இல்லை.

"போ..." என்று ஆரம்பித்தாள். நாக்கு அதோடு நின்றது.

"றேன்" என்று எடுத்துக் கொடுத்தது ஆடு.

"செத்தவங்கதான அண்ணே அப்படிப் போவாங்க?"

"வம்ப வெலைக்கு வாங்காத ஆத்தா. மொதத் தடவ தெரியாமச் சொன்ன, அது போகட்டும். இப்பத் தெரிஞ்சு சொன்னா அப்புறம் மாத்த முடியாது. இன்னொண்ணும் கேட்டுக்க. நெடுவரை உன்ன வரச் சொல்லும், கூப்பிடும், ஆனா தாங்கிப் பிடிக்காது. விழுந்தா விழுந்ததுதான்."

"தெரியும். இப்பத்தான பாத்தேன்."

அவள் எழுந்தாள். பாறையின்மேல் உள்ளங்கையை விரித்து வைத்தாள். இந்தத் தடவை பழக்க தோஷத்தில் இல்லை, ஒவ்வொரு எழுத்தையும் தெரிந்து, நிதானமாகச் சொன்னாள்.

"போயிட்டு வாரேன்."

ஆடு தலையை ஆட்டிவிட்டு மேயப் போய்விட்டது.

அடிவாரத்தில் சடையன் பிள்ளையோடு நின்றான். அவள் முழங்கையைப் பார்த்தான். "சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன்."

"என்னன்னு சொன்ன?"

அவள் பிள்ளையை வாங்கிக்கொண்டாள். நிமிர்ந்து நெடுவரையைப் பார்த்தாள். அவனுக்குப் புரிந்துவிட்டது. அன்று சாயந்திரம்வரை அவன் வீட்டுக்குள் வரவில்லை. கோபித்துக்கொண்டு போய்விட்டான் என்று அவள் நினைத்தாள். பொழுது இறங்கும்போது எட்டிப் பார்த்தால், வேலியோரம் உட்கார்ந்து கற்றாழை நாரைத் தொடையில் வைத்துத் திரித்துக்கொண்டிருந்தான். முப்பது முழம் ஆகியிருந்தது. இன்னும் திரித்துக்கொண்டே இருந்தான்.

"இத இடுப்புல கட்டிக்க" என்றான் நிமிராமல். "ஒரு நுனி என் கையில இருக்கட்டும்."

அவளைப் பார்த்து அவளுடைய நாத்தனார் ஏறினாள். நாத்தனாரைப் பார்த்து ஊரில் நாலு பேர் ஏறினார்கள். இறங்கும்போது எல்லோரும் அதே வார்த்தையைச் சொன்னார்கள், அதைத் தவிர வேறு வார்த்தை அவர்களுக்குத் தெரியாதே. அதில் ஒருவன் மூன்றாம் வருஷம் பாசியில் வழுக்கிப் போயிட்டான். ஊர் அழுதது. நெடுவரை யாரையும் தாங்கிப் பிடிக்காது என்று ஆடு சொன்னது பொய்யில்லை. அவனுடைய தம்பி கருமாதி முடிந்த மறுவாரம் ஏறினான்.

மூக்காயி கிழவியாகித் தன் பாயில்தான் செத்தாள். கடைசி நாளில் அவளை அந்தப் பாறை தெரிகிற மாதிரி வாசலில் படுக்க வைத்தார்கள். இனியாவது "போறேன்" என்று சொல்லிவிடுவாள், கணக்கு தீர்ந்துவிடும் என்று எல்லோரும் காது கொடுத்துக் காத்திருந்தார்கள். அவள் நெடுவரையைப் பார்த்தாள், சிரித்தாள், "போயிட்டு வாரேன்" என்றாள். வாக்கு அப்படியே அவள் மகள் தலையில் இறங்கியது, பிறகு மகள் வயிற்றுப் பிள்ளைகள் தலையில்.

அன்று முதல்தான், உயரத்தில் விளிம்பருகே நின்று கீழே எட்டிப் பார்த்தால் மனுஷருக்கு உள்ளங்கால் கூசுகிறது. பயத்தால் என்று நினைத்துக்கொள்கிறார்கள், பாறை "வாரேன்னு சொன்னியே" என்று கேட்பது அவர்களுக்குத் தெரிவதில்லை. அன்று முதல்தான், மேலே எடுக்க ஒரு கல்லும் இல்லாதபோதும், எதுக்கு என்று கேட்டால் சொல்ல ஒரு பதிலும் இல்லாதபோதும், மூக்காயியின் பிள்ளைகள் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு கிளம்புகிறார்கள். கயிறு திரித்துக் கொடுத்தவர்கள் வாசலில் நிற்கிறார்கள், அவர்களிடமும் அதே வார்த்தையைத்தான் சொல்லிவிட்டுப் போகிறார்கள்.