தென்கிழக்கு மூலைக்குப் போன பிரிண்டர்

அருப்புக்கோட்டைப் பக்கம் ஒரு கல்லூரி. அதன் பரீட்சைப் பிரிவுக் கண்காணிப்பாளர் மரகதவல்லி அன்று காலையிலிருந்தே கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். மதியம் இரண்டு மணிக்குப் பரீட்சை. ஹால் டிக்கெட் இல்லாத ஒருவரையும் உள்ளே விடமாட்டார்கள். வராந்தாவில் இருநூற்றுப் பதினாலு பேர் நிற்கிறார்கள், பிரிண்டரோ அசைய மாட்டேன் என்கிறது.

புது பிரின்சிபால் வாஸ்து பார்ப்பவர். கரண்டில் ஓடுவது அக்னி மூலையில்தான் இருக்க வேண்டுமென்று, முந்தின நாள் சாயங்காலம் பிரிண்டரைத் தூக்கித் தென்கிழக்கு அறையில் வைக்கச் சொல்லிவிட்டார். அதிலிருந்து எந்தக் கம்ப்யூட்டரில் கேட்டாலும் ‘ஆஃப்லைன்’. நம் ஆட்கள் சும்மா இருப்பார்களா? வராத பிரிண்ட்டுக்கு ஆளாளுக்குப் பட்டனை அமுக்கு அமுக்கென்று அமுக்கியதில், ஒரே சுற்றறிக்கை எண்பது தடவை, ஒரே லீவ் லெட்டர் முப்பது தடவை என்று வரிசை நீண்டு அப்படியே நின்றது.

பதினொன்றரைக்கு சர்வீஸ் இன்ஜினியர் தனுஷ்கோடி வந்தார். பையை வைத்தார், நாற்காலியில் சாய்ந்தார், டீ கேட்டார். பிரிண்டர் எங்கே என்று மட்டும் கேட்கவில்லை.

“இதெல்லாம் ஒரு பிரச்சனையா மேடம்? போன மாசம் ஒரு பேங்க்ல பதினாறு பிரிண்டர் படுத்திருச்சு. நான் வாசல்ல செருப்பைத்தான் கழட்டினேன். பதினாறும் கடகடன்னு ஓட ஆரம்பிச்சிருச்சு.”

“இங்கயும் கழட்டிப் பாக்கலாமே,” என்றாள் கிளார்க் நூர்ஜகான்.

“இன்னிக்கு ஷூம்மா,” என்று அவர் டீயை உறிஞ்சினார். “வரிசை சிக்கிறதெல்லாம் எனக்குத் தூசு. ஒரு ஆபீஸ்ல எண்பதாயிரம் டாக்குமெண்ட் ஒண்ணு மேல ஒண்ணு ஏறி நிக்குது. நான் திரையைப் பாத்து ஒரு முறை முறைச்சேன். அம்புட்டும் ஒழுங்கா நின்னுச்சு. முதியோர் பென்ஷன் மனுவுக்கு மத்ததெல்லாம் வழி விட்டு ஒதுங்குச்சுன்னா பாத்துக்கங்க.”

மணி பன்னிரண்டேகால். மரகதவல்லிக்கு எரிச்சல் தலைக்கு ஏறியது. “சார், பிள்ளைங்க நிக்குது. இந்தப் பரீட்சை போச்சுன்னா அதுகளுக்கு அரை வருஷம் போச்சு.”

“பதறாதீங்க. நடுக்கடல்ல ஒரு கப்பல். பிரிண்டருக்குக் கனெக்சன் போச்சுன்னு கேப்டன் போன்ல அழுறாரு. கேபிள் முனையைப் பல்லுல கடிச்சுக்கிட்டுத் தூத்துக்குடியில குதிச்சவன், நாலு நாள் நீந்தினேன். கப்பலை நெருங்குறப்ப கேபிள் ஆறடி பத்தலை. ஒரு கையில கேபிளைப் பிடிச்சேன், ஒரு கையில கப்பலைப் பிடிச்சேன். அடிக்க வேண்டிய நாப்பது பக்கமும் என் உடம்பு வழியாத்தான் போச்சு. கலர் பக்கம் போனப்ப மட்டும் லேசா கூசுச்சு.”

நூர்ஜகான் எழுந்து தென்கிழக்கு அறைக்குப் போனாள். பிரிண்டரின் பட்டனை அழுத்திப் பிடித்ததும் அது தன் விவரத்தை ஒரு தாளில் அடித்துத் துப்பியது. விஷயம் இவ்வளவுதான்: புது அறை, புது வயர், நெட்வொர்க்கில் பிரிண்டருக்குப் புது நம்பர். கம்ப்யூட்டர்களெல்லாம் இன்னும் பழைய நம்பரில் தேடிக்கொண்டிருந்தன. திரும்பி வந்து, தேங்கிக் கிடந்த வரிசையைத் துடைத்துவிட்டுப் புது நம்பரைப் போட்டாள். “அக்கா, இனி ஒருத்தரும் பட்டனைத் தொடக்கூடாது,” என்று சொல்லி ஹால் டிக்கெட்டை ஒரே ஒரு தடவை அனுப்பினாள்.

தனுஷ்கோடி இரண்டாவது டீயில் இருந்தார். “இன்னொரு ஊர்ல பிரிண்டரைத் தொட்டேன் பாருங்க, அடுத்த வருஷம் டைப் பண்ணப் போற லெட்டரை இப்பவே அடிச்சுக் குடுத்திருச்சு. அதுல ஒரு பிழை இருந்துச்சு. நான் இருமினேன். அதுவே திருத்திக்கிருச்சு.”

தென்கிழக்கு அறையில் தாள் ஓடும் சத்தம் கேட்டது. அவர் நாற்காலியை விட்டு அசையவில்லை.

“பாத்தீங்களா மேடம். என் குரல் அதுக்குக் கேட்டிருச்சு.”

ஒன்றேமுக்காலுக்குக் கடைசிப் பையன் ஹால் டிக்கெட்டோடு பரீட்சை அறைக்கு ஓடினான். மரகதவல்லிக்கு அப்போதுதான் மூச்சே வந்தது. தனுஷ்கோடி பையிலிருந்து சர்வீஸ் ரிப்போர்ட்டை எடுத்து நீட்டி, “ஒரு கையெழுத்து மேடம்,” என்றார்.

மரகதவல்லி அதை வாங்கி, நிதானமாக ஒவ்வொரு கட்டமாக நிரப்பினார். பழுதானது: இன்ஜினியர். பழுதின் விவரம்: பேச்சு நிற்கவில்லை. சரிசெய்யப்பட்டதா: இல்லை. கீழே கையெழுத்துப் போட்டு, கல்லூரி முத்திரையையும் குத்திக் கொடுத்தார்.