அயிரைக்குச் சாப்பாட்டு நேரம்

“டீச்சர், என் மீனு சாப்பிட மாட்டேங்குது,” என்றார் ஏகாம்பரம்.

ஜெசிந்தா தன் கொளத்தூர் வண்ணமீன் கடையில் வலையை அலசிக்கொண்டிருந்தாள். மீன்தொட்டி அமைக்க அவர் அவளிடம்தான் கற்றுக்கொண்டார். அவர் மகளைவிட இளையவள். அவர் வாய் நிறைய டீச்சர் என்பார். அவளும் கூச்சப்படாமல் ஏற்றுக்கொள்வாள்.

“தண்ணி?”

“சோதிச்சுட்டேன். சரியா இருக்கு.”

“மணல்?”

“அந்த ஓடை மணலேதான்.”

“கல்லு?”

“அதுவும் அங்கே எடுத்ததுதான். சருகுகூட அங்கேருந்து பொறுக்கிட்டு வந்தேன்.”

உண்மைதான். நகைக்கடைகளுக்கு ஷோகேஸ் அமைத்தே காலம் தள்ளியவர் அவர். மலையடிவாரத்து ஓடை ஒன்றை அப்படியே பெயர்த்துக்கொண்டு வந்து கூடத்தில் வைத்திருந்தார். கொசுவை மட்டும்தான் விட்டுவிட்டு வந்திருந்தார். அந்த ஓடையில் வாழும் அயிரைகளையே தொட்டியிலும் விட்டார். “குழம்பு வைக்கிற மீனுக்கு இவ்வளவு கூத்தா?” என்று மனைவி கஸ்தூரி கேட்டதற்கு, அன்று முழுக்க அவளோடு பேசவில்லை.

இப்போது அந்த அயிரைகள் பின்மூலையில், குழாய் இடுக்கில், ஒன்றன்மேல் ஒன்றாக ஒண்டிக் கிடந்தன. வயிறு ஒட்டிப்போயிருந்தது.

“ஞாயித்துக்கிழமை மீன்தொட்டிப் போட்டிக்கு நடுவர் வீட்டுக்கு வர்றாரு. போன தடவை என் தொட்டியைப் பார்த்துச் சிரிச்சுட்டுப் போன அதே ஆளு. அவர் கிடக்கட்டும். அதுங்க செத்துடும் போல இருக்கு, டீச்சர்.”

ஜெசிந்தா வலையை உதறி மாட்டினாள்.

“நாளைக்கு வரேன், சார். மதியச் சாப்பாட்டு நேரத்துக்கு.”

வந்தாள். தொட்டியை ஒரு தரம் பார்த்தாள்.

“முதல்ல நீங்க சாப்பிடுங்க, சார்.”

“நீங்களும் உக்காருங்க.”

“எனக்கு அப்புறம்.”

கஸ்தூரி சோறும் முருங்கைக்காய் சாம்பாரும் போட்டாள். ஏகாம்பரம் பிசைந்தார். ஜெசிந்தா ஒரு ஸ்டூலை இழுத்து, முழங்கால் இடிக்கும்படி அவருக்கு நேரெதிரே உட்கார்ந்தாள். செல்போன் டார்ச்சைப் போட்டு அவர் வாயில் அடித்தாள். அப்படியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒரு கவளம் இறங்கியது. அடுத்தது தொண்டையிலேயே நின்றது.

“என்ன டீச்சர் இது?”

“ஒண்ணுமில்ல. சாப்பிடுங்க.”

முருங்கைக்காயை வாயில் வைத்தார். சப்ப முடியவில்லை, வெட்கமாக இருந்தது. வெளிச்சம் அசையவில்லை. கடைசியில் தட்டைத் தூக்கிக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்தார். அப்புறம்தான் சோறு இறங்கியது.

பின்னால் டார்ச் அணைந்தது.

“அக்கா, இப்ப எனக்குப் போடுங்க,” என்றாள் ஜெசிந்தா.

அந்தச் சுவரோரம்தான் தொட்டி இருந்தது. ஏகாம்பரம் அதைப் பக்கவாட்டில் பார்ப்பது அதுவே முதல் தடவை. அயிரை ஒளிந்துகொள்ளட்டும் என்று கல்லுக்குக் கல் பொந்து விட்டிருந்தார். எல்லாப் பொந்தும் முன்கண்ணாடியைப் பார்த்து வாயைத் திறந்துகொண்டிருந்தது. ஒவ்வொன்றுக்கும் மேலே ஒரு விளக்கு. எந்த அட்டிகையும் வாடிக்கையாளர் கண்ணுக்குத் தப்பாதபடி அமைத்துப் பழகிய கை.

அவர் தட்டை வைத்தார். கையைச் சுத்தமாகக் கழுவிக்கொண்டு வந்து தொட்டிக்குள் விட்டார். ஒவ்வொரு கல்லாகத் திருப்பி வைத்தார். ஓரத்து விளக்கு ஒன்றை விட்டுவிட்டு மற்றதையெல்லாம் அணைத்தார்.

“நடுவர் வந்தா என்னத்தைப் பார்ப்பாரு?” என்றாள் கஸ்தூரி.

“கல்லைப் பார்க்கட்டும்.”

ஜெசிந்தா ரசம் கேட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை நடுவர் வந்தார். குனிந்து பார்த்தார். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். இந்தத் தடவை சிரிக்கவில்லை.

“ஓடை அப்படியே இருக்கு சார், அருமை. மீன் எங்கே?”

“இருக்கு.”

“என் கண்ணுல படாம நான் எப்படி மார்க் போடறது?”

அப்போது பெரிய கல்லுக்குப் பின்னாலிருந்து துளி மணல் புகைபோல எழுந்து அடங்கியது. அயிரை மணலை வாயில் அள்ளி, தீனியை மட்டும் விழுங்கிவிட்டு, மிச்சத்தைச் செவுள் வழியாகத் துப்பும். சற்று நேரத்தில் இன்னொரு கல்லுக்குப் பின்னாலும் மணல் எழுந்தது. ஏகாம்பரத்துக்கு மனசு நிறைந்துவிட்டது.

“சாப்பிட்டுட்டு இருக்கு,” என்றார், குரலைத் தாழ்த்தி. “நாம கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பிக்கலாம்.”