சுவரைப் பார்த்து நின்றவர்

இந்தக் கதையில் சீடருக்கு வயது ஐம்பத்தைந்து, குருவுக்கு இருபத்தெட்டு. சீடரின் எரிச்சலில் பாதி அங்கேயே ஆரம்பித்துவிட்டது.

சீடர், ஐகோர்ட் வக்கீல் பராங்குசம். குரு ரோஸ்லின், சேத்துப்பட்டில் ஒரு கிளப்பில் ஸ்குவாஷ் சொல்லிக்கொடுப்பவள். இரண்டு பேரும் ஒரே அறைக்குள் நின்று, எதிர்ச்சுவரில் பந்தை மாறி மாறி அடிக்கும் ஆட்டம் அது. அதே கிளப்பில் ஆடும் பல் டாக்டர் தணிகாசலம் இரண்டு வருடமாகப் பராங்குசத்தைத் தோற்கடித்துக்கொண்டே இருந்தார். அதுவும் கால் மணி நேரத்தில்.

அந்தக் கிளப்பில் ஒரு மரப்பலகை உண்டு. பதினாறு ஆணி, பதினாறு பெயர். பராங்குசத்தின் பெயர் கடைசி ஆணியில் தொங்கியது, அதற்கு மேல் தணிகாசலம். இப்போது புதிதாக ஒருவர் சேர்ந்து ஆணிக்காகக் காத்திருந்தார். வரும் சனிக்கிழமையும் டாக்டரிடம் தோற்றால் பராங்குசம் பலகையை விட்டே இறங்க வேண்டியதுதான். எத்தனையோ வழக்குகள் தோற்று, வீட்டுக்குப் போய் நிம்மதியாகச் சாப்பிட்டுத் தூங்கியவர் அவர். இந்த ஆணி அவர் தூக்கத்தைக் கெடுத்தது.

புதன்கிழமை காலை ரோஸ்லினிடம் வந்து நின்றார்.

"அந்த ஆள் போடற சர்வீஸை எப்படித் திருப்பறதுன்னு மட்டும் சொல்லும்மா. பந்து மேல போகுது, மூலையில வந்து விழுது, செத்துப்போகுது. நான் ராக்கெட்டை வீசினா சுவத்துல அடிபடுது. இது மூணாவது ராக்கெட்."

"உள்ள வாங்க சார். சர்வீஸ் போடறேன்."

"முன்னாடி போய் அடிக்கணுமா, பின்னாடி நின்னு அடிக்கணுமா?"

"நில்லுங்க சார்."

பராங்குசம் இடது மூலைக்கு முன்னால் போய் நின்றார். முட்டியை மடக்கினார். ராக்கெட்டை உயர்த்தினார். எதிர்ச்சுவரில் பந்து படப்போகும் இடத்தை முறைத்துப் பார்த்தார். வலது பக்கக் கட்டத்தில் ரோஸ்லின் பந்தோடு நின்றாள்.

பந்து வரவில்லை.

இதில் ஏதோ பாடம் இருக்கிறது, பொறுமையைச் சோதிக்கிறாள் என்று நினைத்து அவர் அசையாமல் நின்றார். தொடை வலித்தது. வியர்வை மூக்கு நுனியில் வந்து நின்றது. அப்போதும் பந்து வரவில்லை.

"போடும்மா" என்றார் சுவரைப் பார்த்து.

பதில் இல்லை. திரும்பினார். கட்டத்தில் ஆளைக் காணோம். பின்னால் கண்ணாடிக் கதவுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து ரோஸ்லின் டீ குடித்துக்கொண்டிருந்தாள். கிளாஸில் பாதி காலி.

வக்கீலுக்கு வந்த கோபத்தை எழுத முடியாது. கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தார்.

"என்ன விளையாட்டு இது? மாசக்கணக்கா வரேன், ஒரு கேள்விக்கு ஒழுங்கா ஒரு பதில் கிடையாது. ஆளே இல்லாத இடத்துல ஒருத்தனை நிக்க வெச்சிட்டு டீ குடிக்கறீங்க."

"நான் இருந்தப்பவும் அப்படித்தானே சார் நின்னீங்க."

"பந்து சுவத்துலேருந்துதானே வருது? அதைப் பார்க்காம வேற எதைப் பார்க்கறது?"

"சுவத்துக்கு யாரு அனுப்பறாங்க?"

பராங்குசம் துண்டால் முகத்தைத் துடைத்தார். "முப்பது வருஷப் பழக்கம்மா. எதிர்த்தரப்பு வக்கீல் பக்கத்துலயே நின்னு என்ன வேணா பேசுவார். நாங்க ஜட்ஜைத்தான் பார்ப்போம். அவரைத் திரும்பிப் பார்க்கறது மரியாதையில்ல."

"சுவரு தீர்ப்பு சொல்லாது சார்" என்றாள் ரோஸ்லின். அவளுக்கும் சலித்துப்போயிருந்தது. இதையே அவரிடம் எட்டு விதமாகச் சொல்லிப் பார்த்தவள். "ரெண்டு நாளைக்கு ராக்கெட் வேண்டாம். நான் போடறேன், நீங்க என்னை மட்டும் பாருங்க. பந்து எங்க விழும்னு வாயால சொன்னா போதும்."

"அடிக்கவே வேண்டாமா?"

"வேண்டாம்."

"சனிக்கிழமை மேட்ச்மா."

"தெரியும் சார்."

வியாழனும் வெள்ளியும் அவர் வெறுங்கையோடு நின்று, "மூலை", "நடு", "சுவரோரம்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். முதல் நாள் எல்லாம் தப்பு. வெளியே நின்ற இரண்டு பேர் சிரித்ததை அவர் கவனித்தார். இந்தப் பெண்ணிடம் மாட்டிக்கொண்டதற்குத் தன்னைத்தானே திட்டிக்கொண்டார். ஆனாலும் மறுநாளும் வந்தார். மூலை வேறு, சுவரோரம் வேறு என்று அவள் பந்தைத் தொடுவதற்கு முன்பே தெரிய ஆரம்பித்தது.

சனிக்கிழமை மத்தியானம் ரோஸ்லின் கிளப்புக்கு வந்தபோது பராங்குசம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். சட்டையைப் பிழிந்தால் ஒரு சொம்பு தண்ணீர் வரும். மடியில் அவருடைய பெயர்ப்பலகை இருந்தது. அவரே கழற்றியிருந்தார்.

"போச்சும்மா."

"எவ்வளவு சார்?"

"மூணுக்கு ரெண்டு. கடைசி கேம் பதினொண்ணு ஒம்போது. ஒரு மணி நேரம் ஆடினோம்."

"சர்வீஸ்?"

"எல்லாத்தையும் எடுத்தேன். மூலையில விழறதுக்கு முன்னாடியே அந்தரத்துல எடுத்து, சுவரோரமா பின்னால அனுப்பினேன். அந்த மனுஷன் சர்வீஸ் போடறப்ப நாக்கைக் கடிச்சுக்கறார், தெரியுமா? தூக்கிப் போடப் போறார்னா இடது தோள் இறங்கும். வேகமா அடிக்கறதா இருந்தா இறங்காது. நாலாவது கேம்லேருந்து வலது முட்டி அவருக்குச் சரியில்ல. பந்தைத் துடைக்கிற மாதிரி நின்னு மூச்சு வாங்கறார். நான் ஒரு பந்தை நல்லா எடுத்தப்ப என்னைப் பார்த்துச் சிரிச்சார்மா. ரெண்டு வருஷத்துல அவர் சிரிச்சு நான் பார்த்ததே இல்ல."

சொல்லிக்கொண்டே வந்தவருக்குத் தான் கோபமாக இருப்பது நினைவு வந்தது. பெயர்ப்பலகையை பெஞ்சின் மேல் பட்டென்று வைத்தார்.

"இதெல்லாம் இப்ப எதுக்கு? பாருன்னீங்க, பார்த்தேன். ராக்கெட் வேண்டாம்னீங்க, நாலு பேர் சிரிக்க நின்னேன். என்ன ஆச்சு? கடைசியில தணிகாசலத்துகிட்டத்தானே தோத்தேன்?"

ரோஸ்லின் ஷூ கயிற்றைக் கட்டி முடித்து நிமிர்ந்தாள்.

"இன்னிக்கு அவர்கிட்டதான் சார். இதுக்கு முன்னாடி யார்கிட்ட தோத்தீங்க?"