காலியாக விட்ட கட்டம்

ஆவுடையப்பன் மடத்துக்குள் நுழையும்போதே யாரையாவது ஒரு பிடி பிடித்துவிட வேண்டும் என்ற முகத்தோடுதான் நுழைந்தார். கக்கத்தில் ஒரு பிளக்ஸ் சுருள். வெளியே சாரல் நசநசவென்று விழுந்துகொண்டிருந்தது.

மலையடிவாரத்து மடம் அது. பழைய சாமி போனபிறகு அவருடைய சீடர் பொறுப்புக்கு வந்திருந்தார். முப்பது வயசுதான். ஊரில் சின்னச் சாமி என்பார்கள். ஆவுடையப்பனோ ஐம்பதைத் தாண்டியவர், டவுனில் பாத்திரக்கடை வைத்திருப்பவர். தன் மகன் வயசுக்காரனைப் போய்க் குரு என்று கும்பிட முதலில் மனசு வரவில்லை. ஒருநாள் சும்மா சீண்டிப் பார்க்க ஏதோ கேட்டார். அதற்கு வந்த பதில் பல நாள் தூங்கவிடவில்லை. அதிலிருந்து சாமி என்றால் இவர்தான் சாமி.

சாமி அடுப்படியில் புகைக்குள் உட்கார்ந்திருந்தார். குரங்குகள் கூரை ஓடுகளைக் கலைத்துப் போட்டிருந்தன. மழைத்தண்ணீர் நேரே அடுப்புப் பக்கம் சொட்டியது. விறகெல்லாம் ஈரம். மதியக் கஞ்சி கொதிப்பேனா என்றது. சாப்பிட வந்தவர்கள் வாசலில் தட்டோடு நின்றார்கள்.

"வாங்க அண்ணாச்சி" என்றார் சாமி, கண்ணைக் கசக்கிக்கொண்டே.

"கோமதி ஃபெயிலாயிட்டா சாமி."

சாமி ஊதுகுழலை எடுத்து அடுப்பை ஊதினார்.

கேட்கிற ஆள் கிடைத்ததே என்று ஆவுடையப்பன் கொட்டித் தீர்த்தார். மகள் பிளஸ் டூ. பிசிக்ஸில் போய்விட்டது. மற்றதில் ஏதோ தேறியிருக்கிறாள், அவ்வளவுதான். ரிசல்ட் அன்றைக்கு பிளக்ஸ் கடையில் கூட்டம் நெரியும், நமக்கு முன்னால் எதிர்வீட்டார் கட்டிவிடுவார்கள் என்று முந்தின வாரமே அடித்து வாங்கிவிட்டார். நடுவில் வெள்ளைக் கோட்டோடு கோமதி. கோட்டு கடைக்காரர் கம்ப்யூட்டரில் மாட்டிவிட்டது. கீழே மாமன், சித்தப்பன், மச்சான் எல்லாரும் வரிசையாகக் கும்பிட்டபடி. ஓரத்தில், கோமதியைவிடப் பெரிசாக, கைகூப்பிய ஆவுடையப்பன். மார்க் போட மட்டும் ஒரு கட்டத்தைக் காலியாக விட்டிருந்தார்கள். ரிசல்ட் வந்ததும் பெயிண்டில் எழுதிக்கொள்ளலாம் என்று.

"அன்னைக்குக் காலையிலயே தெருமுனையில கம்பு நட்டாச்சு சாமி. கட்டக் கயிறு எடுக்கப் போன நேரத்துல ரிசல்ட் வந்துட்டு. இப்ப ரெண்டு கம்பு மட்டும் நிக்கி. போறவன் வாறவன்லாம், எதுக்கு அண்ணாச்சி கம்புன்னு கேக்கான். இத வீட்டுல அவ கண்ணுல படுத மாதிரி வைக்கவும் மனசில்ல."

சாமிக்குச் சிரிப்பு வந்ததோ, புகையில் இருமினாரோ, தெரியவில்லை.

மச்சான் டுடோரியலில் போடு என்கிறான். மனைவி பகவதி, படிச்சது போதும், மாப்பிள்ளை பார்க்கலாம் என்கிறாள். பக்கத்துக் கடைக்காரர் பாலிடெக்னிக் என்கிறார். மடத்துக்கு வருகிற வழியில் பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர், ஒரு வருஷம் சும்மா வீட்டில் இருக்கட்டும் என்கிறார். யார் சொன்னாலும் கேட்கிற நேரத்துக்குச் சரியாகத்தான் படுகிறது. அதுதான் பெரிய எரிச்சல். மறுபடி பரீட்சை எழுதுவதென்றால் பெயர் கொடுக்க நாளைதான் கடைசி. கோமதி ரிசல்ட் அன்றைக்கு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தியவள்தான். பகவதி வாசலில் தட்டை வைப்பாள். எடுக்கும்போது சோறு கிண்டிவிட்டமேனிக்கு அப்படியே இருக்கும்.

"இனி என்ன செய்ய, சாமி?"

ஒரு சொட்டு அடுப்பில் விழுந்து சீறியது. சாமி அதைப் பார்த்தார். பிறகு ஆவுடையப்பனின் கக்கத்தைப் பார்த்தார்.

"அது நனையாதுல்லா?"

"எது?"

"அந்தச் சுருள்."

"பிளக்ஸ் எப்படிச் சாமி நனையும்?"

"அப்ப ஏறி விரிச்சுட்டு வாங்க. கஞ்சி வேகட்டும், பேசுவோம்."

ஆவுடையப்பனுக்குப் புசுபுசுவென்று கோபம் வந்தது. பிள்ளையின் வாழ்க்கையைக் கேட்க வந்தால் இவர் கூரை வேலைக்கு ஆள் பிடிக்கிறார். பழைய சாமியாக இருந்தால் விபூதியாவது கொடுத்திருப்பார். முனகிக்கொண்டே ஏணியைச் சாத்தி ஏறினார்.

மேலே போய்ப் பார்த்தால் ஓடெல்லாம் ஒரே மாதிரிக் கலைந்து கிடந்தது. எந்த இடம் ஒழுகுகிறது என்று தெரியவில்லை. உத்தேசமாக ஓர் இடத்தில் பிளக்ஸை விரித்தார். மலைப்பாதையில் போகிறவர்கள் தன் முகத்தைப் பார்த்துவிடக் கூடாது என்று கவிழ்த்து விரித்தார். நான்கு மூலையிலும் ஓட்டுச் சில்லை எடுத்துப் பாரம் வைத்தார்.

"சாமி, நின்னுட்டா?"

கீழே சத்தமில்லை. சொட்டு விழுந்து சீறுவது மட்டும் கேட்டது.

பாரத்தை எடுத்து, பிளக்ஸை இடது பக்கம் இழுத்தார். மறுபடி கேட்டார். பதில் இல்லை. வலது பக்கம் இழுத்தார். காலடியில் ஓர் ஓடு உடைந்து முழங்கால் சிராய்த்தது. இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா, வாயைத் திறந்து சொல்லுங்கள் என்று கத்தினார். சாமி ஊமையாகிவிட்டவர் போல இருந்தார். காற்றில் பிளக்ஸின் ஓர் ஓரம் தூக்கி, அவர் படம் வெளியே தெரிந்தது. தட்டோடு நின்றவர்களில் ஒருவர் அண்ணாந்து பார்த்து, மேலே கும்பிடுவது அண்ணாச்சிதானா என்று பக்கத்தில் இருந்தவரைக் கேட்டது நன்றாகவே காதில் விழுந்தது.

ஆவுடையப்பன் இறங்கினார். வேட்டியெல்லாம் சேறு. அடுப்படிக்குள் வேகமாகப் போனார்.

அடுப்பு நனையாமலிருக்க அதன் மேல் குனிந்து உட்கார்ந்திருந்தார் சாமி. சொட்டு அவர் உச்சந்தலையில் விழுந்து, தாடி வழியாக இறங்கிக்கொண்டிருந்தது.

"மேல நிக்கவனுக்கு எங்க ஒழுகுதுன்னு என்ன தெரியும் சாமி? கீழ இருந்து நனையுதவங்க சொன்னாத்தானே தெரியும். எத்தன மட்டம் கேட்டேன். ஒரு வார்த்தை சொல்லப்படாதா?"

சாமி தலையைத் துடைக்கவில்லை.

"வீட்டுல நனையுதது யாரு, அண்ணாச்சி?"

ஆவுடையப்பன் விரலை மடக்கி எண்ணிப் பார்த்தார். மச்சானைக் கேட்டிருந்தார். பக்கத்துக் கடைக்காரரைக் கேட்டிருந்தார். பஸ்ஸில் வந்த, பெயர்கூடத் தெரியாத மனுஷனைக் கேட்டிருந்தார். கோமதியின் கதவை மட்டும் தட்டியிருக்கவில்லை.

பிறகு அண்ணாந்து பார்த்தார். சாமியின் தலைக்கு நேர் மேலே, உத்தரத்தை ஒட்டி, விரல் நுழையும் அகலத்தில் வெளிச்சம் தெரிந்தது. அந்த இடத்தைக் கண்ணில் பிடித்துக்கொண்டு வெளியே போனார். ஏணி கிரீச்சிட்டது. கூரையில் பிளக்ஸ் சரசரத்தது. சொட்டு நின்றது.

மறுபடி அவர் உள்ளே வந்தபோது விறகு பற்றியிருந்தது. அண்ணாந்தால் அந்த இடுக்கில் வெள்ளையாக ஏதோ தெரிந்தது. மார்க் எழுத விட்டிருந்த கட்டம்.

கஞ்சி கொதித்து, வந்தவர்கள் எல்லாரும் சாப்பிட்டுப் போன பிறகு, சாமி ஒரு தூக்குவாளியில் கஞ்சி ஊற்றி, மூடியில் துவையல் வைத்து ஆவுடையப்பனிடம் நீட்டினார். அவர் வாங்கிக்கொண்டார். போகவில்லை. வாளியின் கைப்பிடியை இப்படியும் அப்படியும் சாய்த்துக்கொண்டு நின்றார்.

"கதவச் சாத்திக்கிட்டுல்லா இருக்கா சாமி. நான் கேட்டாலும் பதில் சொல்ல மாட்டா."

"நானுந்தான் பதில் சொல்லல" என்றார் சின்னச் சாமி. "நீங்க இறங்கி வந்தீங்கல்லா?"