கோட்டையிலிருந்து இறங்கிய விறகு

“என் வெட்கம் என்றைக்குப் போகும், அடிகளே?” என்று கேட்டான் கொற்றன்.

அவன் படைத்தலைவன். கூகைமலைக் கோட்டையைப் பிடித்து, தோற்கவிருந்த போரைத் திருப்பியவன். அடிகளின் குடில் இருந்த குன்றின் அடியிலேயே வாளை வைத்துவிட்டு வந்திருந்தான்.

அடிகள் ஒரு பெண்துறவி. அவனைவிட இளையவள். கூழைக் கிண்டியபடியே கேட்டாள்:

“ஊரெல்லாம் விழா எடுத்தார்களே. வெட்கம் எங்கிருந்து வந்தது?”

“கேலி செய்யாதீர்கள்.”

“சரி. கோட்டையை எப்படிப் பிடித்தீர்?”

“போன ஆண்டு, மூன்று மாத முற்றுகை. மார்கழி பிறந்தது. பனியில் எங்கள் ஆட்களே விறைத்துச் செத்தார்கள். திரும்பிவிடத்தான் இருந்தோம்.”

“பிறகு?”

“அந்தக் கோட்டையாருக்கு ஒரு வழக்கம். தங்கள் மதிலடியில் விழுந்தவன் பகைவனானாலும், அவனை எரிக்க அவர்களே விறகு இறக்குவார்கள்.”

அடிகள் அடுப்பில் ஒரு சுள்ளியைச் செருகினாள்.

“முதலில் காய்ந்த வேங்கை விறகு. பிறகு பச்சை விறகு. பிறகு கதவுப் பலகை. ‘சீர்வரிசை வருதடா’ என்று எங்கள் ஆட்கள் சிரித்தார்கள். ஒருநாள் கயிற்றில் ஒரு தொட்டில் இறங்கியது.”

கூழ் கிண்டிய கை நின்றது.

“மன்னரிடம் ஓடினேன். உள்ளே விறகு தீர்ந்துவிட்டது, பத்து நாள் பொறுங்கள், குளிரே கதவைத் திறக்கும் என்றேன். எட்டாம் நாள் திறந்தது. மன்னர் தம் முத்துமாலையைக் கழற்றி எனக்குப் போட்டார்.”

“அந்தத் தொட்டிலை வைத்து யாரை எரித்தீர்கள்?”

அடுப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

“என் தம்பியை.”

கூழ் அடிபிடித்தது. இருவரும் அதைக் கவனிக்கவில்லை.

“உள்ளே செத்தவர்களுக்கு யார் விறகு கொடுத்தது?”

“தெரியாது. அன்றைக்கே தலைநகருக்குக் கிளம்பிவிட்டோம். விழா இருந்தது.”

“பிழைத்தவர்கள்?”

“முப்பது பேர் இருக்கலாம். இன்னும் மேலேதான் இருக்கிறார்களாம்.”

“இது என்ன மாதம்?”

“மார்கழி.”

அடிகள் எழுந்து போய்க் கோடரியை எடுத்து வந்து அவன் முன் வைத்தாள்.

அவன் அதைத் தொடவில்லை.

“ஆள் அனுப்புகிறேன், அடிகளே. இன்றைக்கே நூறு வண்டி விறகு அனுப்புகிறேன்.”

“அந்தப் பாதையில் வண்டி ஏறாது. தலைச்சுமைதான்.”

“நானே சுமந்து போனால், யார் நீ என்று கேட்பார்களே!”

“கேட்பார்கள்” என்றாள் அடிகள்.