செத்த புலி தலையாட்டிய நாள்

அந்தக் காலத்தில், விலங்கும் பறவையும் ஒன்றோடொன்று பேசிக்கொண்டிருந்தபோது, பாறு கழுகுக்குத் தலை நிறையக் கறுப்பு இறகும் மலை அதிரும் குரலும் இருந்தன. அதனால் காட்டை ஆண்ட புலி அதைத் தன் அறிவிப்பாளனாக வைத்துக்கொண்டது. தினமும் காலையில் பாறு ஓர் உயரமான பாறையில் நின்று, "அரசர் நலம்! ஆற்றில் இறங்கலாம்!" என்று கூவும். அதன்பிறகுதான் மற்றவை தண்ணீர் குடிக்கப் போகும். அக்கரையில் செந்நாய்கள் இருந்தன. அவை புலி ஒன்றுக்குத்தான் பயந்தன. அரசர் இறந்தால் எல்லாரும் மலைச்சுனைக்கு ஏறிவிட வேண்டும், அடுத்த அரசர் வரும்வரை கீழே இறங்கக் கூடாது என்பது காட்டு வழக்கம்.

ஒரு கோடையில் காட்டெருமை பிடரியில் குத்திய புண்ணால் புலி செத்துப்போனது. மந்திரி முள்ளம்பன்றி பாறுவைக் குகைக்குள் கூப்பிட்டது.

"இளவரசர் ரெண்டு மலை தள்ளி இருக்கார். வந்து சேர நாலு நாள் ஆகும். அதுவரைக்கும் வழக்கம்போலக் கூவு."

"செத்தவரைப் போய் நலம்னு எப்படிச் சொல்றது?"

"எல்லாரும் சுனைக்கு ஏறினா செந்நாய்க்கு விஷயம் தெரிஞ்சிடும். அப்புறம் இளவரசருக்கு நாடு இருக்காது. உனக்கு அந்தப் பாறையும் இருக்காது."

பாறுவுக்கு அந்தப் பாறைமேல் ஆசை அதிகம். இரண்டு நாள் கூவியது. பொய்க்கும் நல்ல குரல் இருந்தால் போதும், ஒருவரும் சந்தேகப்படவில்லை.

மூன்றாம் நாள் ஒரு பெண் கடமான் தன் குட்டியோடு வந்து நின்றது.

"அண்ணே, நேத்திலிருந்து ஒரு மாதிரி வாடை வருது. பயந்துபோய் இவனை ஆத்துல இறக்கவே இல்லை. நாக்கு வறண்டு கிடக்கான். ராஜா ஒரு தடவை தலையாட்டினாப் போதும், இறங்கிடறேன். இல்லேன்னா சுனைக்கு ஏறிடறேன்."

உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல நேரம் கிடையாது. மந்திரி முறைத்தது. குகை வாசலில் உட்கார்ந்தாற்போல் சாய்த்து வைத்திருந்த பிணத்தின் பின்னால் போய், பாறு தன் தலையைப் பிடரிப் புண்ணுக்குள் நுழைத்தது. கழுத்துவரை உள்ளே விட்டு மேலும் கீழும் அசைத்தது. செத்த ராஜா மெதுவாக இரண்டு முறை தலையாட்டினார்.

"கும்பிடறேன் ராஜா" என்று சொல்லிவிட்டுக் கடமான் குட்டியை ஆற்றுக்குக் கூட்டிப்போனது.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாலும் மறைக்கலாம், மூன்று நாள் பிணத்தைச் செந்நாயிடம் மறைக்க முடியுமா? அவை முன்னமே நீந்தி வந்து நாணலுக்குள் படுத்திருந்தன.

கடமான் தனியாகத் திரும்பி வந்தது. அதன் மார்பெல்லாம் குட்டியின் ரத்தம்.

"இன்னொரு தடவை ராஜாவைத் தலையாட்டச் சொல்லுங்க அண்ணே" என்றது.

பாறு புண்ணுக்குள் சிக்கிக்கொண்ட தலையை அப்போதுதான் உருவி எடுத்திருந்தது. இறகெல்லாம் புண்ணிலேயே ஒட்டிக்கொண்டு வந்துவிட, தலை வெறும் தோலாக இருந்தது. "அரசர் இறந்துவிட்டார்" என்று கூவ வாயைத் திறந்தது. அழுகிய ரத்தம் தொண்டையில் இறங்கியிருந்தது. வெறும் காற்றுதான் வந்தது. அவமானம் தாங்காமல் மேலே எழும்பி, பிணத்துக்கு நேர் மேலே வட்டமிட்டது. கீழே இருந்தவை அண்ணாந்து பார்த்தன. புரிந்துகொண்டு சுனைக்கு ஏறின. கடமான் மட்டும் ஏறவில்லை, ஆற்றங்கரைக்கே திரும்பிப் போனது.

அன்றிலிருந்துதான் பாறு கழுகுக்குத் தலையில் இறகும் இல்லை, கூவக் குரலும் இல்லை. சாவு எங்கே விழுந்தாலும் அதற்கு நேர் மேலே வட்டமிட்டுத்தான் சொல்கிறது. அதைப் பார்த்து "உண்மையா?" என்று யாரும் கேட்பதில்லை.