தோற்க அழைக்கப்பட்டவள்

ஜெயித்தவர்களைப் பற்றி ஊரெல்லாம் கதை உண்டு. இது தோற்பதற்கென்றே மரியாதையாக அழைக்கப்பட்ட ஒருத்தியின் கதை. காதைக் கொஞ்சம் தீட்டிக்கொண்டு கேளுங்கள், கடைசியில் தீர்ப்பை உங்களிடம்தான் கேட்பேன்.

பூரணி ஈரோட்டில் ஒரு ஜவுளிக்கடையில் பில் போடுபவள். அவளோடு வேலை பார்த்த கோமளாவும் இன்னும் மூன்று பெண்களும் கல்யாணம், மாற்றல் என்று ஊருக்கு ஒருவராகச் சிதறிப்போனார்கள். போனில் பேச நேரம் கிடைக்காதவர்களுக்கு விளையாட மட்டும் எப்படியோ நேரம் கிடைத்தது. மாலையானால் ஐவரும் 'ஏழுமதில்' என்ற இணைய விளையாட்டில் கூடுவார்கள். அதில் ஐவர் ஒரு பக்கம், ஐவர் எதிர்ப்பக்கம், கோட்டையைப் பிடித்தவர் வென்றவர். தங்கள் அணிக்குத் 'தோத்தாங்கோளிகள்' என்று அவர்களே பெயர் வைத்துக்கொண்டார்கள். ஆட்டம் சுமார்தான். பாதி நாள் தோற்பார்கள், பாதி நாள் ஜெயிப்பார்கள், நடுவில் மாமியார் முதல் மளிகை வரை பேசித் தீர்ப்பார்கள். அவர்களுடைய சிநேகிதம் உயிரோடு இருந்தது அந்த ஒரு மணி நேரத்தில்தான்.

அப்போது விளையாட்டில் கவண்காரி என்று ஒரு புதுப் பாத்திரம் வந்தாள். தேர்ந்த ஆட்டக்காரர்கள் அவளை எப்படியோ சமாளித்தார்கள். நடுத்தரமாக ஆடுகிறவர்களோ, அவள் தூரத்தில் நின்று கவணைச் சுழற்றினால் கொத்துக்கொத்தாக விழுந்தார்கள். தினமும் தோற்றால் விளையாட்டும் வேலை மாதிரி ஆகிவிடுகிறது. நிலைமை மாறாவிட்டால் விட்டுவிடலாம் என்று தோத்தாங்கோளிகள் பேச ஆரம்பித்தார்கள்.

விளையாட்டை நடத்தும் நிறுவனம் கோயம்புத்தூரில் இருந்தது. பாத்திரங்களின் பலத்தைக் கூட்டிக் குறைப்பது பர்வீனின் பொறுப்பு. கவண்காரியைக் கற்பனை செய்து உருவாக்கியவளும் அவளேதான். அதுவரை கெட்டிக்காரர்களை வைத்தே சோதித்து வந்தவள், புகார்கள் குவிந்ததும் சுமாராக ஆடுகிற சிலரைக் கூப்பிட்டாள். அதில் பூரணிக்கும் அழைப்பு வந்தது. "நமக்காகப் போய் நல்லாத் தோத்துட்டு வாடி," என்று கோமளா வழியனுப்பினாள்.

பர்வீன் ஒரே ஒரு நிபந்தனை வைத்தாள். சோதனை முடிகிறவரை யாரிடமும் எதையும் கற்றுக்கொள்ளக் கூடாது. "நீங்கதான் எங்களுக்கு அரிசி அளக்கற படி மாதிரி. படியே பெருசாயிட்டா அளந்தது அத்தனையும் தப்பாயிருமுங்க," என்றாள். பூரணி சரியென்று தலையாட்டினாள்.

காலையில் ஆடிய எல்லா ஆட்டத்திலும் தோற்றாள். அங்கிருந்தவர்கள் யாரும் சிரிக்கவில்லை, அதுதான் அவளுக்கு அதிகம் உறைத்தது. சாப்பாட்டு வேளையில், அவள் சோதனைக்குப் போனதைக் கேள்விப்பட்ட சித்தி மகன் லோகேஷ் போன் செய்தான். அவன் போட்டிகளில் கவண்காரியாகவே ஆடிப் பெயர் வாங்கியவன். சொல்லிக் கொடுடா என்று பூரணி எத்தனையோ முறை கெஞ்சியும், உனக்கு வராதுக்கா என்று தட்டிக் கழித்தவன். அன்றைக்குக் கேட்காமலே சொன்னான். கவண் சுழலும்போது பயந்தவர்கள் பின்னால் ஓடுகிறார்கள், அவளை நோக்கி ஓட வேண்டும், கிட்டே இருப்பவர்மேல் கல் விழாது. டப்பாவில் தயிர்சாதம் தீருவதற்குள் பூரணிக்குப் பிடிபட்டுவிட்டது.

மதியம் அவள் தோற்கவேயில்லை. பர்வீன் அருகில் வந்து, "இது நீங்க வழக்கமா ஆடற ஆட்டந்தானுங்களா?" என்று கேட்டாள். அறையே தன்னைத் திரும்பிப் பார்த்த சந்தோஷத்தில் பூரணி, "ஆமாங்க," என்றாள்.

காலை ஆட்டமும் பதிவாகியிருந்தது. பர்வீன் அதைப் போட்டுப் பார்த்தாள், வித்தியாசமும் தெரிந்தது. ஆனால் காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு. மற்றவர்களின் ஆட்டம் இழுபறியாக இருந்ததால், பூரணியின் மதிய ஆட்டத்தை மட்டும் கணக்கில் எடுத்து, சுமாரானவர்களும் சமாளிக்கிறார்கள் என்று முடிவெழுதினாள். கவண்காரியின் பலம் குறையவில்லை.

தோத்தாங்கோளிகள் மறுபடி கொத்துக்கொத்தாக விழுந்தார்கள். கவண் சுழன்றபோதெல்லாம் பூரணியும் அவர்களோடு சேர்ந்து பின்னால்தான் ஓடினாள். ஒவ்வொருவராக விலகினார்கள். கடைசியாகப் போன கோமளா, நம்மைப் போன்றவர்கள் சொன்னால் எவன் கேட்கிறான் என்று சலித்துக்கொண்டு போனாள். மாலை நேரம் வெறிச்சென்று ஆகிவிட்டது.

பிறகுதான் லோகேஷ் ஒரு நேரலையில் பேசியதைப் பூரணி பார்த்தாள். கவண்காரியின் பலத்தைக் குறைத்திருந்தால் பெரிய அணியில் தனக்குக் கிடைத்த இடம் பறிபோயிருக்கும், நல்லவேளை, சோதனைக்கு நம்ம வீட்டு ஆளே போனது என்று சொல்லிச் சிரித்தான். ஒரே தட்டில் சாப்பிட்டு வளர்ந்தவன். உடனே அவனைக் கூப்பிட்டாள்.

"நீ எனக்காகச் சொல்லிக் குடுத்தேன்னு நெனச்சனேடா, லோகு."

"உனக்குந்தாங்க்கா," என்றான் அவன். "நீ ஜெயிச்சியா இல்லியா?"

அன்றோடு அவனோடு பேச்சு நின்றது. நம்பிக் கெட்டதை யாரிடமும் சொல்லி அழக்கூட முடியாமல் அவள் தவித்தாள்.

இப்போது நீங்கள் சொல்லுங்கள். அக்காவின் ஆசையைத் தூண்டில் புழுவாக்கியவன் லோகேஷ். கண்ணெதிரே இருந்த உண்மையைத் தள்ளிவைத்தவள் பர்வீன். வாக்குக் கொடுத்துவிட்டு 'ஆமாங்க' என்றவள் பூரணி. இவர்களில் பெரிய துரோகம் செய்தது யார்?

விடை: முக்கால்வாசிப் பேர் லோகேஷ் என்பீர்கள். அவன் காதைத் திருக எனக்கும் கை துடிக்கிறது. பர்வீனையும் நான் சும்மா விடமாட்டேன். ஆனாலும் என் தீர்ப்பு பூரணிதான். அந்த 'ஆமாங்க'வைக்கூட மன்னித்துவிடலாம், வெகுநாள் கழித்து ஜெயித்தவளின் மயக்கம் அது. மன்னிக்க முடியாதது அதற்குப் பிறகு நடந்தது. ஒரு சாப்பாட்டு வேளைக்குள் கற்ற வித்தையை அவள் நால்வருக்கும் கற்றுக்கொடுத்திருந்தால், அவர்கள் இன்னும் ஆடிக்கொண்டிருப்பார்கள். ஆனால் கற்றுக்கொடுத்தால், இதை எப்போதடி கற்றாய் என்று கோமளா கேட்பாள். அந்தக் கேள்விக்குப் பயந்து, தெரிந்துகொண்டே அவர்களோடு பின்னால் ஓடினாள். கோமளா இன்றைக்கும் அந்தக் கம்பெனிக்காரர்களைத்தான் திட்டுகிறாள். போதாக்குறைக்குப் பூரணியும் கூடச் சேர்ந்து திட்டுகிறாள்.